தலைவரோடு மலை ஏறிய நாள்

சைக்கிள் கிளப் தலைவர் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். கட்சிக்கொடி கட்டிய வெள்ளைக் கார் விளையாட்டு மைதானத்துக்குள்ளேயே வந்து, பிள்ளைகள் சுண்ணாம்பு போட்டு வைத்திருந்த கபடிக் கோட்டின் மேல் நின்றது. தலைமை ஆசிரியர் ஓடிவந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். தலைவர் உட்கார்ந்தார். நாங்கள் நின்றோம்.

"ஒரே நாள்ல ரெண்டு மலை டீச்சர். விடியக்காலையில ஏற்காடு ஏறி அந்தப் பக்கம் குப்பனூர் வழியா இறங்குறோம். ராசிபுரம் தாண்டி முள்ளுக்குறிச்சி வழியா கொல்லிமலை ஏறி, எழுபது வளைவுப் பாதையில இறங்கி முடிக்கிறோம். டெல்டா விவசாயத்தைக் காப்பாத்த ஒரு விழிப்புணர்வு. நாப்பது ஆம்பளைங்க இருக்கோம். பொம்பளை ஒருத்தராவது இருந்தா நல்லாருக்கும்னு எம்.எல்.ஏ. சொல்றார்."

பொய் சொல்லக்கூட மெனக்கெடாத மனிதர். டெல்டா விவசாயத்தைக் காப்பாற்ற சேலத்து மலையில் ஏன் ஏற வேண்டும் என்று கேட்கலாம் என நினைத்தேன். தலைமை ஆசிரியர் எனக்கும் சேர்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தலைவரை எனக்கு முன்பே தெரியும். எங்கள் ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவருடைய தாத்தாவுடையது. என் தாத்தா அங்கே பண்ணையாள். கூலிச் சண்டைகளும் குத்தகைச் சட்டங்களும் வந்த பிறகு அந்தக் குடும்பம் தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டது. அரை வேலி நிலம், அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல், அப்பாவின் குத்தகையில் நின்றது. அப்பா பெயரைச் சர்க்கார் பதிவில் ஏற்ற விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் எத்தனை தடவை தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள் என்பதை நான் பிறந்தது முதல் கேட்டிருக்கிறேன்.

பேரன் இப்போது மனை போட்டு விற்கிறார். வாய்க்காலைத் தூர்த்து, வயலில் வண்ணக் கல் நட்டு, தன் மகள்கள் பெயரில் நகர்கள் உண்டாக்குகிறார். ஆட்சி மாறினால் அவர் வேட்டியின் கரை மாறும், மேடையில் பின்னால் தொங்கும் படம் மாறும், அவர் மட்டும் அதே நாற்காலியில் இருப்பார். எங்கள் அரை வேலிக்கு முன்னாலும் பின்னாலும் ஏற்கெனவே கல் நட்டாகிவிட்டது. நடுவில் அப்பா நெல் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் அப்பா தன் கையால் பயிர் செய்வதில்லை, வேறு ஆளுக்கு உள்குத்தகைக்கு விட்டிருக்கிறார், அவரைக் காலி செய்ய வேண்டும் என்று வருவாய் கோர்ட்டில் ஒரு மனு. காலில் சேற்றுப்புண் ஆறாத மனிதனைப் பற்றி இப்படி எழுத ஒரு வக்கீலும் அதில் கையெழுத்துப் போட அவரும் கூசவில்லை.

எல்லாம் தெரிந்தும் ஏன் போனேன் என்றால், எனக்கு மலை ஏற ஆசை. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச சைக்கிளில் தொடங்கியது அது. வேலைக்கு வந்து கியர் சைக்கிள் வாங்கிய பிறகு தினமும் விடியலில் வடுவூர் ஏரி வரை போய்வருவேன். ஆனால் எங்கள் பக்கத்தில் மேடு என்று எதைச் சொல்வது? ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். பயிற்சிக்காக ஒரே மேம்பாலத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கொண்டிருந்தேன். டீக்கடையில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் மம்பட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார்.

"மலை மேல என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லப்பா. ஏறி, எறங்கணும்."

"ஏறுன பொறவு எறங்கத்தானே போற. கீழயே இருந்தா என்ன?" என்றவர், காம்பைத் தரையில் தட்டி இறுக்கிக்கொண்டே, "அவன் எதுக்கு ஒன்னையக் கூப்புடுறான்னு பாத்துக்க" என்றார்.

மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்திருந்தது. முதல் நாளே வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கினோம். எல்லோருக்கும் பச்சைச் சட்டை கொடுத்தார்கள். நெஞ்சில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நெற்கதிர். முதுகு முழுக்கத் தலைவருடைய மனை வியாபாரத்தின் விளம்பரம். அதைப் போட்டுக்கொண்டு நாற்பத்தொரு பேர் விவசாயத்தைக் காப்பாற்றக் கிளம்பினோம்.

வந்திருந்தவர்கள் வங்கி மேலாளர்கள், டைல்ஸ் கடைக்காரர்கள், இன்ஜினீயரிங் காலேஜ் வைத்திருப்பவர்கள். கும்பகோணத்துப் பல் டாக்டர் ஒருவர் என் பக்கத்தில் நின்று, தன் சைக்கிள் எவ்வளவு எடை குறைவு, அதற்காக எந்த நாட்டிலிருந்து என்னென்ன வரவழைத்தார் என்று விளக்கினார். சீட்டிலிருந்து இரண்டு பக்கமும் வழிந்த அவருடைய எடையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மற்றபடி அவர் கெட்டவர் அல்ல. அந்தக் கூட்டத்தில் என்னை உட்காரச் சொன்ன ஒரே ஆள்.

இருட்டில் கிளம்ப வேண்டியது. எம்.எல்.ஏ. வரவில்லை. மலை அடிவாரத்தில் குளிரில் நின்றோம். அவர் வந்து, காவிரி நம் தாய் என்று ஆரம்பித்து, எதிர்க்கட்சியைத் திட்டி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. "டீச்சர், நீங்க முன்னாடி வாங்க" என்று போட்டோவுக்கு என்னை இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். கொடி அசைத்த பிறகு என்னைத் தாண்டிக்கொண்டு அத்தனை பேரும் பறந்தார்கள். நாலாவது வளைவுக்குள் அவர்களில் பாதிப் பேர் ஓரத்தில் காலை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சின்ன கியரில் மெதுவாக மிதித்து ஒவ்வொருவராகக் கடந்தேன். ஒருவர்கூட என் கண்ணைப் பார்க்கவில்லை. தங்கள் சைக்கிள் சங்கிலியில் என்னவோ கோளாறு இருப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

மேலே ஏற்காடு ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் சொட்டு வியர்வை இல்லை. அவருடைய சைக்கிள் கார் கூரையில் கட்டியிருந்தது.

"ஏற்பாடெல்லாம் பாக்கணும்ல" என்றார் நான் கேட்காமலே. எனக்கும் ஒரு டீ சொன்னார். பக்கத்தில் யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, "அப்பா எப்படி இருக்காங்க?" என்றார்.

"நல்லா இருக்காங்க."

"வயசாயிடுச்சுல்ல. இன்னும் எதுக்கு வயலும் வரப்பும்? நான் நியாயமா ஒண்ணு சொல்றேன் டீச்சர். கோர்ட்டு கேஸெல்லாம் வேணாம். குத்தகைய விட்டுக் குடுத்துட்டேன்னு அப்பா ஒரு கையெழுத்து போட்டா, முன் வரிசையிலயே உங்களுக்கு ஒரு மனைக்கட்டு எழுதிக் குடுக்குறேன். ரோட்டு மேல. கிழக்கு பாத்தது."

அரை வேலி நிலத்துக்குக் கிழக்கு பார்த்த ஒரு மனை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு தாராளம்.

"அப்பாகிட்டயே கேளுங்களேன்" என்றேன்.

"அவரு பழைய ஆளு. சங்கம், போராட்டம்னு அதுலயே நிக்கிறாரு. நீங்க படிச்சவங்க. எடுத்துச் சொன்னா கேப்பாரு."

என்னை எதற்குக் கூப்பிட்டார் என்பது விளங்கியது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "அவரு எடுத்துச் சொல்லித்தான் நான் படிச்சேன்" என்று சொல்லிக் கிளம்பினேன்.

குப்பனூர் இறக்கத்தில் குளிர்ந்த காற்று. கீழே சமவெளிக்கு வந்ததும் அனல். ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே ரோடு கொதித்தது. அங்கே தலைவர் சைக்கிளைக் காரிலிருந்து இறக்கி எங்கள் முன்னால் கொஞ்ச தூரம் ஓட்டினார். காரின் டிக்கியில் ஒருவன் உட்கார்ந்து படம் எடுத்தான். டவுன் கடைத்தெருவில் கும்பிட்டுக்கொண்டே போனார். தேர்தல் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு கிழவர் கூடவே வந்து முதியோர் பென்ஷன் வரவில்லை என்று சொன்னார். அவரிடம் ஒரு பச்சைத் தொப்பியைக் கொடுத்தார்கள். ஊர் எல்லை தாண்டியதும் சைக்கிள் மறுபடியும் கார் மேல் ஏறியது.

கொல்லிமலை ஏற்றம் உச்சி வெயிலில் தொடங்கியது. அதைப் பற்றி வேறு மாதிரிதான் எழுத வேண்டும். அது யாருக்கும் சலுகை காட்டவில்லை. முதல் சில வளைவுகளிலேயே என் தொடை இறுகி, பாதம் எரிந்து, பாட்டில் தண்ணீர் வெந்நீராகிவிட்டது. ஒரு திருப்பத்தில் காலேஜ் முதலாளி ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு திருப்பத்தில் இரண்டு வங்கி மேலாளர்கள் கால் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார்கள். பின்னால் வந்த வேன் ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொண்டு போனது. பல் டாக்டர் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். "எட குறைவுன்னு வாங்குனேன் டீச்சர், தள்ளவே முடியல" என்றார். அன்றைக்கு நான் சிரித்தது அப்போதுதான்.

அதன் பிறகு பேச ஆள் இல்லை. மூச்சு மட்டும். இறங்கிவிடு என்று கால் சொல்லும். அடுத்த மரம் வரை என்று நான் சொல்வேன். அந்த மரம் வந்ததும் அடுத்தது. தலைவரையோ மனுவையோ அப்பாவையோ நான் நினைக்கவில்லை. என் உடம்பை இவ்வளவு பக்கத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை, என் இரண்டு பிரசவத்தைத் தவிர. ஒரு கட்டத்தில் கண்ணீர் வந்தது. அழுகையா, வியர்வை பட்ட எரிச்சலா என்று தெரியவில்லை. மிளகுக் கொடி ஏறிய மரங்கள் வர ஆரம்பித்து, காற்று மாறி, ரோடு சட்டென்று படுத்துக்கொண்டபோது நம்ப முடியாமல் இன்னும் கொஞ்ச தூரம் அதே கியரில் மிதித்தேன்.

சோளக்காடு என்ற மலையூரில் ஒரு அம்மா அன்னாசிப்பழம் அறுத்து உப்பும் மிளகாயும் தூவிக் கொடுத்தார். நின்றபடியே தின்றேன். வண்டி ஏறாமல் மேலே வந்தவர்களில் நானும் இருந்தேன். மொத்தமே ஏழெட்டுப் பேர்தான்.

அங்கே தலைவர் புதுச் சட்டை மாற்றி, தலைக்கவசம் மாட்டி, கையுறை போட்டுத் தயாராக நின்றார். இறக்கம் மட்டும் அவர் ஓட்டப் போகிறார். கீழே காரவள்ளியில் மேடை, மாலை, பத்திரிகைக்காரர்கள் எல்லாம் தயார். மலையிலிருந்து சைக்கிளில் வந்து இறங்க வேண்டாமா?

அவர் பிரேக்கைப் பிடித்துப் பார்த்த விதத்திலேயே, இறக்கம் ஓட்டிப் பழகாத ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வேலை அப்படி. பிள்ளைகளிடம் சொல்வதுபோல் சொன்னேன்: "ஒரே புடியா புடிக்காதீங்க. விட்டு விட்டுப் புடிங்க. வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைச்சிடுங்க, வளைவுல வச்சுப் புடிச்சா வழுக்கும்."

"சைக்கிள் எனக்குத் தெரியாதா டீச்சர்" என்றார், சுற்றி நின்றவர்களைப் பார்த்து.

எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை. அவர் முதலில் போனார். கொஞ்சம் விட்டு நான், எனக்குப் பின்னால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே வந்து சேர்ந்திருந்த பல் டாக்டர். பாதி தூரம் இறங்கியிருப்போம். ஒரு வளைவைத் திரும்பியபோது அவருடைய சைக்கிள் ரோட்டின் குறுக்கே கிடந்தது. முன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தடுப்புச் சுவரோரம் சாய்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். சுவர் இல்லாவிட்டால் ஆள் பள்ளத்தில்.

என்னைப் பார்த்ததும் சொன்னார்: "ஏ புள்ள, தண்ணி எடு."

காலையிலிருந்து சொன்ன அத்தனை 'டீச்சர்', அத்தனை 'வாங்க'வும் அந்த ஒரு வார்த்தையில் உதிர்ந்து போயின. அவர் தாத்தா என் தாத்தாவின் வீட்டுப் பெண்களை எப்படிக் கூப்பிட்டிருப்பார் என்று நான் நேரில் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

தண்ணீர் கொடுத்தேன். பல் டாக்டர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கையைத் தொட்டதும் தலைவர் கத்தினார். "எலும்பு போயிருக்கும் போல. நான் பல் டாக்டர் டீச்சர், நான் பல் டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர ஒன்றும் செய்யவில்லை. பஞ்சருக்காக நான் வைத்திருந்த மாற்று டியூபை எடுத்து, கையை மடக்கி, கழுத்தோடு சேர்த்துத் தொட்டில்போல் கட்டினேன். பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரி எத்தனையோ கை பார்த்தாயிற்று.

கட்டு இறுகியதும் அவருக்கு வலி கொஞ்சம் அடங்கியது. மரியாதையும் திரும்பி வந்தது. "ரொம்ப நன்றி டீச்சர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேரம் பாத்துச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. அந்த விஷயத்த அப்பாகிட்ட மறக்காம…" என்றார்.

பல் டாக்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் கார் வந்தது. அவரை ஏற்றினோம்.

காரவள்ளிக்கு நான் இறங்கியபோது மேடையில் பாட்டு நின்று, தலைவர் மைக்கைப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அங்கே நின்றிருந்தார். கழுத்தில் என் டியூப்.

"வழியில நம்ம டீச்சர் தடுமாறி விழுந்துட்டாங்க. ஒரு சகோதரி விழுறதப் பாத்துட்டு நாம சும்மா இருக்க முடியுமா? அவங்களப் புடிக்கப் போயி எனக்கு லேசா அடி. டீச்சர் நல்லாருக்காங்க, அது போதும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எம்.எல்.ஏ. அவர் தோளில் சால்வையைப் போட்டார். நான் பல் டாக்டரைத் தேடினேன். அவர் தன் கைக்கடிகாரத்தில் இன்றைக்கு எத்தனை கலோரி போயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பிரிவில் முதல் பரிசு என்று என்னைக் கூப்பிட்டார்கள். பெண்கள் பிரிவில் நான் ஒருத்திதான். மேடை ஏறினேன். மைக்கை என்னிடம் யாரும் தரவில்லை. பதக்கத்தை வாங்கிக்கொண்டு நேராகத் தலைவரிடம் போனேன்.

"என் டியூபக் குடுங்க."

"என்ன டீச்சர்?"

"டியூப். பஞ்சரானா எனக்கு வேணும்ல" என்று சொல்லிவிட்டு, அவருடைய கார் டிரைவரைக் கையைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லி, கழுத்து முடிச்சை நானே அவிழ்த்தேன். அவசரப்படவில்லை. எம்.எல்.ஏ. என்ன நடக்கிறது என்று புரியாமல் சிரித்துக்கொண்டே நின்றார். டியூபைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அவர் கையை டிரைவர் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பேப்பரில், கீழே விழுந்த ஆசிரியையைக் காப்பாற்றிய சமூக ஆர்வலர் என்று படத்தோடு வந்தது. கிளப்பின் வாட்ஸ்அப் குழு முழுக்கக் கைதட்டும் பொம்மைகள். நான் விழவில்லை என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் காலை வணக்கம் அனுப்பினார். பல் டாக்டருக்கு போன் செய்தேன்.

"உண்மை எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா பெரிய எடத்துப் பகை நமக்கு எதுக்கு? என் கிளினிக் இருக்குறது அவரு கட்டடம்" என்றார். நல்ல மனிதர்கள் பலருக்கும் இப்படி ஒரு கட்டடம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் என் முழங்காலைக் குனிந்து பார்த்தார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்து நிற்கும்போது முன்பின் தெரியாதவர்கள், "நீங்கதானே விழுந்தவங்க?" என்று கேட்டார்கள். இல்லை என்றால், "பேப்பர்ல போட்டுருந்தாங்களே" என்றார்கள். அப்பா பேப்பரைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"விழுந்தியா?"

"இல்லப்பா. அவருதான் விழுந்தாரு."

"ம்" என்றார். வைக்கோல் உதறப் போய்விட்டார்.

பங்குனியில் வருவாய் கோர்ட்டில் விசாரணை. அப்பாவோடு போயிருந்தேன். வராந்தாவில் பெஞ்சு நிறையக் குத்தகைக்காரர்கள். தலைவர் வக்கீலோடு வந்தார். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. பழைய உரிமையில் அப்பாவிடம் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன பெரியவரே, கேஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். மலையில உங்க பொண்ணு விழுந்து கெடந்தப்ப நான்தான் தூக்கி உக்கார வச்சேன். அதையாவது நெனச்சுப் பாக்கக் கூடாதா?" என்றார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. அவர் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விழுந்தது எம்பொண்ணு, மாவுக்கட்டு ஒங்களுக்கா தம்பி?"

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். பிறகு பெஞ்சே சிரித்தது. வக்கீல் தன் காகிதக் கட்டைப் பிரித்து ஏதோ தேட ஆரம்பித்தார். 'ஐயா' என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'தம்பி'தான் அதிகம் வலித்திருக்கும் என்பது என் எண்ணம்.

சில வாய்தாக்கள் போன பிறகு மனு தள்ளுபடியானது. அப்பாதான் பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் வந்து சொன்னார். சொல்லாமல் இருக்கவும் முடியாது, அன்று காலையில்கூட அப்பா நாற்றங்காலில் நின்றதை அவர் பார்த்திருந்தார். தலைவர் அப்பீல் போயிருக்கிறார். இடையில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. அவர் வேட்டியின் கரையும் மாறியது. புது எம்.எல்.ஏ.வை வைத்து அவர் மறுபடியும் சைக்கிள் ஊர்வலம் நடத்துகிறார். இந்த முறை நெகிழி ஒழிப்பு. மலையெல்லாம் இல்லை, பெரிய கோயிலிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரை.

கிளப்பிலிருந்து நான் விலகிவிட்டேன். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மறு வருஷம் பொங்கல் லீவில் சைக்கிளை ரயிலில் போட்டுக்கொண்டு தனியாகப் போய், எழுபது வளைவையும் கீழேயிருந்து ஏறினேன். நாலு தடவை நின்றேன். மேலே யாரும் மாலையோடு காத்திருக்கவில்லை. இறங்கும்போது வாழைத்தார் ஏற்றுவதற்காக எதிரே மேலேறி வந்த லாரிக்காரர் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, "பாத்துப் போங்கம்மா" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்கினேன்.